1.4 என்ற எண்ணின் விலை

காமிராக் கடைக்குப் போய், "ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வேண்டும், பிரைம் லென்ஸாக" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் மூன்று டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வரிசையாக வைப்பார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அகலத்தைப் பார்க்கிறவை. வித்தியாசம் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஒரு சின்ன எண்ணில் இருக்கிறது. ஒன்றில் 2.8, அடுத்ததில் 1.8, கடைசியில் 1.4. எண் இறங்க இறங்க விலை ஏறும். முதலாவது கால் லட்ச ரூபாயை ஒட்டி இருந்தால் கடைசியானது ஒரு லட்சத்தைத் தாண்டும். கல்யாணங்களில் போட்டோ எடுத்துப் பிழைக்கிற இளைஞருக்கு அது கிட்டத்தட்ட ஒரு சீசனின் மிச்சம். மாதத் தவணையில் வாங்கினால் அடுத்த சீசனின் மிச்சமும் சேர்ந்து போகும். எனவே இந்தச் சின்ன எண்ணுக்கு யார் எவ்வளவு கொடுக்கலாம், யார் கொடுக்க வேண்டியதில்லை என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

எண்ணின் அர்த்தம் எளிது. லென்ஸின் குவியத் தொலைவை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 24 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 என்றால் திறப்பின் விட்டம் சுமார் 17 மி.மீ. எஃப் 2.8 என்றால் எட்டரை மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு காலாகிவிடும். ஆகவே எஃப் 2.8 ஒரு டம்ளர் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தில் எஃப் 1.4 நாலு டம்ளர் விடும். எஃப் 1.8 சுமார் 2.4 டம்ளர். வெளிச்சம் அதிகம் வந்தால் ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடலாம். அதனால்தான் இவற்றுக்கு 'ஃபாஸ்ட்' லென்ஸ் என்று பெயர். இந்த வேகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் நிறைய. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளைப் படம்பிடிக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 ஜைஸ் லென்ஸைத் தேடிப் பிடித்து காமிராவில் பொருத்தினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கண்ணாடி போனதால் வந்த லாபம்

வைட் ஆங்கிள் லென்ஸ் விஷயத்தில் மிர்ரர்லெஸ் காமிராக்கள் ஒரு நிஜமான உபகாரம் செய்திருக்கின்றன. பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அது ஆட இடம் வேண்டும். நிக்கானின் பழைய எஃப் மௌன்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், கேனன் ஈ.எஃப். மௌன்டில் 44 மி.மீ. ஆனால் 24 மி.மீ. லென்ஸ் என்பது சாதாரணமாகச் செய்தால் ஃபிலிமுக்கு 24 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டிய சமாசாரம். கண்ணாடி அதற்கு இடம் தராது.

இந்தச் சிக்கலுக்கு 1950-இல் பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் 'ரெட்ரோஃபோகஸ்' என்ற பெயரில் ஒரு வழி கொண்டுவந்தது. டெலிபோட்டோ லென்ஸின் அமைப்பைத் திருப்பிப் போட்டு, முன்னால் ஒரு பெரிய குழி லென்ஸை வைத்து, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளும் வித்தை. காரியம் நடந்தது. ஆனால் லென்ஸ்கள் முன்பக்கம் பருத்து, கனத்து, ஓரங்களில் தகராறு செய்யத் தொடங்கின. வேகமான வைட் லென்ஸ் என்றால் விலை உயர்ந்த பாரம் என்று ஆகிவிட்டது.

மிர்ரர்லெஸ் காமிராவில் கண்ணாடியே இல்லை. சோனியின் ஈ மௌன்டில் அந்தத் தூரம் 18 மி.மீ.; கேனன் ஆர்.எஃப். மௌன்டில் 20, நிக்கான் இசட் மௌன்டில் வெறும் 16. வடிவமைப்பாளர்கள் பெரிய லென்ஸ் துண்டுகளைச் சென்சாருக்கு அருகே கொண்டுபோக முடிந்தது. விளைவைத் தராசில் பார்க்கலாம். சிக்மாவின் 20 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ், எஸ்.எல்.ஆர். காலத்தில் 950 கிராம், முன்னால் ஃபில்டர் போட முடியாத உப்பிய கண்ணாடி. அதே நிறுவனம் 2022-இல் மிர்ரர்லெஸ்ஸுக்கென்று புதிதாகச் செய்தது சுமார் 630 கிராம், 82 மி.மீ. ஃபில்டர் போடலாம். கேனனின் பழைய 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 650 கிராம். சோனி 2018-இல் கொண்டுவந்த 24 மி.மீ. எஃப் 1.4 வெறும் 445 கிராம். அதாவது பத்து வருஷத்துக்கு முன்பு யாராவது, "வேகமான வைட் லென்ஸா, சுமக்க முடியாதப்பா" என்று உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த எச்சரிக்கை இப்போது காலாவதி.

கையும் ஆடும், ஆளும் ஆடுவார்

இன்னொரு மாற்றம் காமிராவுக்குள் நடந்தது. சென்சாரையே மிதக்கவிட்டு, கை நடுக்கத்துக்கு எதிராக அதை அசைக்கும் ஏற்பாடு. 2012-இல் ஒலிம்பஸ் காமிராவில் ஐந்து அச்சுகளிலும் வேலை செய்யும்படி வந்தது. 2014-இல் சோனி ஃபுல் ஃபிரேம் காமிராவுக்குள் கொண்டுவந்தது. இப்போது நடுத்தர விலைக் காமிராக்களிலும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் பழைய கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் 24 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் வினாடியில் 25-இல் ஒரு பங்குக்குக் கீழே ஷட்டரை இறக்கக்கூடாது என்பார்கள். இன்று மிதக்கும் சென்சார் உள்ள காமிராவைச் சுவரோரம் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் அரை வினாடிகூட ஆடாமல் வருகிறது. ஆனால் இந்த வித்தை உங்கள் கை ஆடுவதைத்தான் நிறுத்தும். எதிரில் இருப்பவர் ஆடுவதை நிறுத்தாது. லென்ஸ் வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய வித்தியாசம் இது ஒன்றுதான். அசையாததை எடுக்க இனிமேல் வேகமான லென்ஸ் தேவையில்லை. அசைவதை இருட்டில் எடுக்கத்தான் தேவை.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது அஜந்தா. முதலாம் குகையில் பத்மபாணி ஓவியத்தின் முன் நிற்கிறீர்கள். வண்ணங்களைக் காப்பாற்ற உள்ளே விளக்கு மங்கலாகத்தான் இருக்கும். ஃபிளாஷ் கூடாது. தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்டு வைக்கத் தனி அனுமதி வேண்டும். இந்த நிலையில் எஃப் 1.4 இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: பத்மபாணி ஆயிரத்து ஐந்நூறு வருஷமாக அசையவில்லை. கால் வினாடி ஷட்டர் அவருக்கு ஒரு பொருட்டல்ல. மேலும் சுவர் முழுவதும், மூலைவரை கூர்மையாக வர வேண்டுமென்றால் எஃப் 1.4 லென்ஸையும் நீங்கள் 4-க்கோ 5.6-க்கோ மூடித்தான் எடுப்பீர்கள். அப்புறம் 1.4-க்கு எதற்குப் பணம்? குகை, கோயில் மண்டபம், அரண்மனை, கோட்டை இவையே உங்கள் விருப்பமென்றால் மிதக்கும் சென்சார் உள்ள காமிராவும், எஃப் 2.8 சின்ன லென்ஸும் போதும். கேனனின் 16 மி.மீ. எஃப் 2.8 வெறும் 165 கிராம். ஃபியூஜியின் 16 மி.மீ. எஃப் 2.8 இன்னும் கொஞ்சம் குறைவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லோரா மலையேறலாம்.

இரண்டாவது, கல்யாணம். டில்லியிலோ லக்னோவிலோ ஃபேரா சுற்றுவது பெரும்பாலும் நடுநிசிக்கு மேல். நம்மூர் முகூர்த்தம் பல சமயம் விடிவதற்கு முன். இரண்டிலும் வெளிச்சம், மண்டபத்துக்காரர் பெரிய மனது பண்ணி மாட்டியிருக்கும் சில விளக்குகளும் ஹோமத் தீயும்தான். மணமக்கள் நடக்கிறார்கள், தாலி கட்டும் கை அசைகிறது, அட்சதை பறக்கிறது. இங்கே மிதக்கும் சென்சார் எதற்கும் உதவாது. ஐ.எஸ்.ஓ. 6400-இல், எஃப் 2.8-இல் ஷட்டர் வினாடியில் 25-இல் ஒரு பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் கையும் கலங்கிப்போகும். எஃப் 1.8-இல் அது 60-இல் ஒரு பங்கு; பரவாயில்லை. எஃப் 1.4-இல் 100-இல் ஒரு பங்கு.

இந்த 100 நம் நாட்டில் விசேஷமான எண். மின்சாரம் 50 சுழற்சி என்பதால் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் துடிப்பு மோசம். அதைவிட வேகமாக ஷட்டரை வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் கட்டாயம் தொந்தரவு. 50 அல்லது 100-இல் ஒரு பங்கு வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதாவது மண்டபத்துக்குள் உங்களுக்குத் தேவைப்படும் ஷட்டர் 100-இல் ஒன்று, அதை ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிப் படத்தை மணல் மணலாக்காமல் அடைய எஃப் 1.8 ஏறக்குறையப் போதும், 1.4 இருந்தால் சௌகரியம். கெட்டிமேளம் ஒரு தடவைதான். வாழ்க்கைத் தொழிலாக எடுப்பவருக்கு அந்தச் சௌகரியம் விலை பெறும். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுக்கும் சித்தப்பாவுக்கு 1.8 தாராளம்.

சின்ன எண்ணால் பின்னணி கலங்கும், ஆள் மட்டும் தெளிவாகத் தெரிவார் என்பதற்காகவும் சிலர் வாங்குகிறார்கள். வைட் லென்ஸில் அந்த எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ., எஃப் 1.4, இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் என்றால் சுமார் 1.75 மீட்டரிலிருந்து 2.35 மீட்டர்வரை தெளிவாக இருக்கும். இரண்டடி ஆழம். தனி ஆளுக்குப் பின்னணி கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வரிசையாக நிற்கும் உறவினர் கூட்டத்தில் பின்வரிசைப் பெரியப்பா கலங்கிவிட இதுவே போதும். குரூப் போட்டோவுக்கு 5.6-க்கு மூடிவிடுங்கள்.

மூன்றாவது, நட்சத்திரங்கள். லடாக்கில் ஹான்லே சுற்றுவட்டாரம் 1,073 சதுர கிலோமீட்டர் 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து காமிராவோடு வானம் பார்க்கப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2024 மே மாதம் கடுமையான சூரியப் புயல் வந்தபோது ஹான்லேயின் வானத்தில் செந்நிற துருவ ஒளிகூடப் பதிவானது. வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. சென்சார் மிதந்தாலும் ஸ்டாண்டு இருந்தாலும் அது நிற்காது. ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். ஐந்நூறைக் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது அதிகபட்ச வினாடி என்று ஒரு பழைய வாய்ப்பாடு: 24 மி.மீ.க்குச் சுமார் 20 வினாடி. இன்றைய நுணுக்கமான சென்சார்களில் அதிலும் பாதிதான் பத்திரம். இங்கே வெளிச்சத்தைக் கூட்ட வேறு வழியில்லை, திறப்பைத் தவிர.

ஒரு சூட்சுமம் உண்டு. நட்சத்திரம் புள்ளி என்பதால் அதன் பிரகாசத்தை நிர்ணயிப்பது எஃப் எண் அல்ல, திறப்பின் நிஜமான விட்டம். இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்மணி சுமார் 7 மி.மீ. விரியும். 14 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 7.8 மி.மீ.; கண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. 20 மி.மீ. எஃப் 1.8-இன் திறப்பு 11 மி.மீ. 24 மி.மீ. எஃப் 1.4-இன் திறப்பு 17 மி.மீ.; பரப்புக் கணக்கில் 14-ஐப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 14 மி.மீ. லென்ஸில் இன்னும் அதிக வினாடி திறந்து வைக்கலாம். அதைக் கழித்தாலும் 24 சுமார் மூன்று மடங்கு முன்னால் நிற்கிறது. ஆகவே, "நட்சத்திரத்துக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். வானத்துக்கு 20 அல்லது 24தான் புத்திசாலித்தனம்.

ஹான்லே போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பால்வீதியின் நடுப்பகுதி தென்வானத்தைச் சேர்ந்தது. ஹான்லேயில் அது அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 28 டிகிரிதான் எழும்புகிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக் காவலூரின் அட்சரேகையில் 48 டிகிரி. அமாவாசையை ஒட்டி, ஊர் விளக்குகளுக்கு அப்பால், மழை இல்லாத ஓர் இரவு கிடைத்தால் போதும். கிடைப்பது அந்த இரவுதான் கஷ்டம்.

அத்தையின் கன்னம்

எவ்வளவு அகலம் என்பது எண் 1.4-ஐவிட முக்கியமான கேள்வி. ஃபுல் ஃபிரேமில் மூலைக்கு மூலை அளந்தால் 35 மி.மீ. லென்ஸ் 63 டிகிரி பார்க்கும். 28 என்றால் 75. 24 என்றால் 84. 20 என்றால் 94. அகலம் கூடக் கூட ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபடுவார்கள். இது லென்ஸின் கோளாறல்ல, ஜியோமிதி. உருண்டையான ஒரு தலை, படத்தின் இடது அல்லது வலது விளிம்பில் 35 மி.மீ. லென்ஸில் எட்டில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். 24-இல் கால் பங்கு. 20-இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 16-இல் சரிபாதி. நடுவில் மாப்பிள்ளை கச்சிதமாக இருக்க, கடைசியில் நின்ற அத்தை மட்டும் ஆல்பம் வந்த அன்றிலிருந்து உங்களோடு பேசுவதில்லை என்றால் காரணம் இதுதான். ஒரு லட்சம் கொடுத்தாலும் எந்த லென்ஸும் அத்தையைக் காப்பாற்றாது. ஓரத்தில் தூணையோ வாழைமரத்தையோ நிறுத்திவிட்டு அத்தையை உள்ளே வரச் சொல்லுங்கள்.

மனிதர்களை எடுப்பவருக்கு 24-க்குக் கீழே போகாதிருப்பது நல்லது. 28-இலும் 35-இலும் உறவுகள் பலப்படும். கொல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தல், வாரணாசியில் மாலை ஆரத்தி என்று இடமும் கூட்டமும் சேர்ந்து வர வேண்டிய இடங்களில் 24 நல்ல சமரசம். 20-உம் அதற்குக் கீழும் வானம், கட்டடம், நெருக்கடியான அறை இவற்றுக்கு.

சின்ன சென்சார் காமிரா வைத்திருப்பவர் பெருக்கல் செய்ய வேண்டும். ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் 16 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமின் 24 பார்க்கும் அகலத்தைப் பார்க்கும். (கேனனில் கொஞ்சம் குறுகும்.) சிக்மாவின் 16 மி.மீ. எஃப் 1.4, பல மௌன்ட்களுக்குக் கிடைக்கிறது, 2017-லிருந்து பேர் வாங்கியிருக்கும் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களின் விலையில் ஒரு பகுதிதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிராவில் இதே அகலத்துக்கு 12 மி.மீ. விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயம்: ஷட்டர் கணக்குக்கு எஃப் 1.4 எங்கேயும் 1.4தான். ஆனால் சின்ன சென்சாரில் மொத்தமாகச் சேரும் வெளிச்சம் குறைவு. படத்தின் மணல்தன்மையைப் பொறுத்தவரை ஏ.பி.எஸ்.-சியில் எஃப் 1.4 என்பது ஃபுல் ஃபிரேமில் எஃப் 2.1-க்குச் சமம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 2.8-க்குச் சமம். இதனால் சின்ன சென்சார்காரர்கள் தாழ்ந்துபோக வேண்டியதில்லை. மாறாக, அவர்களுக்குத்தான் வேகமான லென்ஸ் அதிகம் தேவை என்று அர்த்தம்.

கடையில் பத்து நிமிஷம்

லென்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த மாதிரியில் உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு உருப்படி நல்லதா என்று பார்க்க வேண்டும். உங்கள் காமிராவையே கொண்டுபோங்கள். சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டச் சொல்லி, அல்லது தெருவுக்கு எதிரே உள்ள செங்கல் சுவரை நேராகப் பார்த்து, முழுத் திறப்பில் ஒரு படம். நாலு மூலைகளும் ஒரே அளவு மங்கியிருந்தால் சரி. மூன்று தெளிவு, ஒன்று மட்டும் கலக்கம் என்றால் உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு சாய்ந்திருக்கிறது. வேறு உருப்படி கேளுங்கள்.

இரண்டாவது சோதனை நட்சத்திரக்காரர்களுக்கு. கடையின் தூரத்து மூலையில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, அது படத்தின் மூலையில் விழுமாறு முழுத் திறப்பில் எடுங்கள். விளக்கு புள்ளியாக இருந்தால் நல்லது. இறக்கை விரித்த குருவி மாதிரி தெரிந்தால் அதற்குக் கோமா என்று பெயர். வானத்தில் ஆயிரம் குருவிகள் பறக்கும். எஃப் 1.4 லென்ஸை இதற்காக 2.5-க்கு மூடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறதென்றால், 1.8 லென்ஸையே வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது, காமிராவின் திருத்தங்களை நிறுத்திவிட்டு ஒரு படம், மூலக் கோப்பாக. இன்றைய சின்ன, மலிவான வைட் லென்ஸ்கள் பலவற்றில் நேர்கோடு பீப்பாய் மாதிரி வளையும், மூலைகள் இருண்டு கிடக்கும். காமிராவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் நிமிர்த்தி வெளுப்பாக்கித் தருகிறது. பகலில் இதில் தவறொன்றுமில்லை. இரவில், இருண்ட மூலையை இழுத்து வெளுப்பாக்கும்போது அங்கே மணல் கொட்டியது போலாகும்.

நாலாவது, ஃபோகஸ் வளையம். பெரும்பாலான புதிய லென்ஸ்களில் வளையம் எதையும் நேரடியாகத் திருப்புவதில்லை. மோட்டாருக்குத் தகவல் அனுப்புகிறது. தூரக் குறியும் கிடையாது. இருட்டில் நட்சத்திரத்தை ஃபோகஸ் செய்ய, பிரகாசமான ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஃபியூஜியின் 16 மி.மீ. எஃப் 1.4 போலச் சிலவற்றில் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் தூரக் குறி வெளிப்படும். பழைய பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

முன்கண்ணாடி உப்பியிருக்கிறதா, ஃபில்டர் போட முடியுமா என்பதையும் பாருங்கள். பர்சானாவில் ஹோலிப் பொடி பறக்கும்போது லென்ஸுக்கு முன்னால் மாற்றக்கூடிய ஒரு கண்ணாடி இருப்பது மனத்துக்குத் தைரியம். பில், இந்தியாவில் செல்லுபடியாகும் வாரன்டி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சில ஆயிரம் குறைவாகத் தருகிறேன், பில் வேண்டாம் என்பவரிடம், மோட்டார் நின்றுபோனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

வாங்கிய பின் முதல் எதிரி பூஞ்சை. மும்பை, கொச்சி, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரமான ஊர்களில் லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலம் போதும், கண்ணாடிக்குள் சிலந்திவலை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் இருந்தால் போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இதற்காகவே விற்கும் மின்சாரப் பெட்டி இன்னும் விசேஷம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்து வெயில் வெளிச்சத்தில் படம் எடுப்பது.

கடைசியாக, கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்யக்கூடிய, காசில்லாத ஒரு வேலை. நீங்கள் கடந்த ஒரு வருஷம் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தோடும் குவியத் தொலைவு, ஷட்டர், எஃப் எண், ஐ.எஸ்.ஓ. எல்லாம் பதிவாகியிருக்கும். உங்கள் ஜூம் லென்ஸின் அகலமான முனையில் எத்தனை எடுத்தீர்கள்? அவற்றில் ஷட்டர் 60-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கி, ஆள் கலங்கிப்போனவை எத்தனை? பத்துப் பதினைந்துதான் என்றால் எஃப் 2.8 லென்ஸோடு நிறுத்தி, மிச்சப் பணத்தில் அஜந்தாவுக்கு ரயில் டிக்கெட் எடுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் 1.8. அந்தக் கலங்கிய படங்களுக்காக யாராவது உங்களுக்குப் பணம் தருவதாக இருந்திருந்தால் 1.4. அப்போதும் உடனே வாங்க வேண்டாம். பெரிய நகரங்களில் லென்ஸை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். வெளிச்சம் மிக மோசமான மண்டபத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போய் உழைத்துப் பாருங்கள். மறுநாள் காலை படங்களைப் பார்க்கும்போது விலை அதிகமா குறைவா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.